மறப்பதற்காக எழுதும் ஏடு

ஒருவரிடம் செய்தி பெற்று மற்றொருவரிடம் சேர்ப்பிக்கும் தொழிலை மேற்கொண்டவன் எவனாயினும், அவனுடைய திறமையை அவன் கால்களின் வேகத்தைக் கொண்டே அளப்பது உலக வழக்கம். விரைந்து சென்றவனைப் புகழ்கிறோம், தாமதித்தவனை நிந்திக்கிறோம். ஆயினும் சற்று நிதானித்துப் பார்ப்போமானால், வேகம் அத்தொழிலில் இரண்டாம்படிக் குணமே என்பதும், செய்தியைக் கையேற்ற கணத்திற்கும் அதனை உரியவரிடம் ஒப்படைத்த கணத்திற்கும் இடையிலே தனக்கு எது நேர்ந்தாலும் செய்திக்கு ஒன்றும் நேராதபடி காத்துவைக்கும் ஞாபகமே முதற்குணம் என்பதும் விளங்கும். கொடுத்தவர் நிம்மதியாக வீடு திரும்புவது, "இனி இது அவன் பொறுப்பு" என்ற நம்பிக்கையினால்தான். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக ஏதேனும் ஓர் இடத்தில், அழியாத முறையில், ஒரு பதிவு இருந்தாக வேண்டும். பதிவில்லாத வாக்குறுதி, எவ்வளவு நல்லெண்ணத்தோடு கூறப்பட்டதாயினும், காற்றிலே எழுதிய எழுத்தேயாகும்.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையிலே, கரிசற்காட்டின் நடுவே அமைந்துள்ள பாலவனத்தம் என்னும் ஊர், தமிழ் படித்தவர்களுக்கு அறிமுகமானது அவ்வூர் ஜமீன்தாராக இருந்த பாண்டித்துரைத் தேவரால். 1867-இல் பிறந்து 1911-இல் மறைந்த அப்பெருமகனார், ஒருமுறை சொற்பொழிவின் பொருட்டு மதுரைக்கு வந்திருந்தபோது திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டுமென்று கேட்க, சங்கம் வளர்த்த அந்நகரிலே அவை எளிதில் அகப்படவில்லை என்று சொல்லப்படுவதுண்டு. 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை ஸ்தாபித்தார். பாண்டியன் புத்தகசாலை என்ற பெயரில் ஏடுகளையும் அச்சு நூல்களையும் திரட்டினார். செந்தமிழ் என்னும் பத்திரிகை தொடங்கச் செய்தார். சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு பாடுபட்டுத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910-இல் அச்சேறுவதற்குத் துணை நின்றார். இக்காரியங்களை வரிசைப்படுத்திக் காணுங்கால், அவருடைய உள்ளத்தில் ஒரு கிரமம் இருந்தது புலனாகிறது: பரப்புவதற்கு முன்னே சேமித்தல் வேண்டும், கொடுப்பதற்கு முன்னே கொள்ளுமிடம் ஒன்று வேண்டும். பத்திரிகையும் பிரசங்கமும் எத்துணை முழங்கினாலும், பின்னே ஒரு புத்தகசாலை இல்லையேல் அவை ஒரு தலைமுறைக்குள் ஓய்ந்துவிடும்.

அதே சீமையில் இன்று பிறக்கும் பிள்ளைகளில் பலர் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும், சிலர் ஊரிலே தம் வீட்டுத் திண்ணையறையிலிருந்தும், ஜமீன்தார் கனவிலும் கண்டிராத ஒரு தொழிலைச் செய்துவருகிறார்கள். அத்தொழிலின் ஒரு பகுதி, இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நின்று செய்தி வாங்கிக் கொடுக்கும் மென்பொருளை நிறுவுவது. மெசேஜ் புரோக்கர் என்பது தொழிலில் வழங்கும் பெயர். செய்தித் தரகர் என்று நாம் சொல்லலாம். அத்தரகருக்கு வேண்டிய டேட்டாபேஸை அமைத்துக் கொடுப்பது அத்தொழிலிலும் மிகச் சிறியதொரு வேலையாகக் கருதப்படுகிறது. புதிதாகச் சேர்ந்தவனிடம் ஒரு பிற்பகலுக்குள் முடித்துவிடும்படி ஒப்படைக்கப்படும் வேலை அது. சிறியதாகக் கருதப்படும் அவ்வேலையிலேதான் அம்முழு ஏற்பாட்டின் நாணயமும் அடங்கியிருக்கிறது என்பதே நான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

தரகர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஒரு மண்டியில் மக்காச்சோளம் எடை போடப்படுகிறது. எடை குறித்த கணக்கு ஒரு கம்ப்யூட்டரிலும், விற்றவருக்குச் சேரவேண்டிய தொகை வேறொன்றிலும், கைப்பேசிக்கு அனுப்பவேண்டிய குறுஞ்செய்தி மூன்றாவதொன்றிலும் நடைபெறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது இயந்திரம் மற்ற இரண்டையும் நேராக அழைத்துப் பேசுமாயின், அவை மூன்றும் ஒரே சமயத்தில் விழித்திருக்க வேண்டும். ஒன்று உறங்கினாலும் காரியம் நின்றுபோகும். நடுவே தரகரை அமர்த்திவிட்டால், சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டுப் போகலாம். கேட்க வேண்டியவர் தமக்கு ஒழிந்தபோது வந்து கேட்கலாம். காலத்தால் ஒருவரையொருவர் கட்டிப்போடாமல் இருப்பதே இதன் பிரயோஜனம். மும்பையில் பிறந்து அமெரிக்கா சென்ற விவேக் ரணதிவே 1980-களில் பங்கு வாணிகக் கூடங்களுக்காக இத்தகைய மென்பொருளை வகுத்தார். ஐபிஎம் நிறுவனம் 1993-இல் எம்கியூசீரிஸ் என்பதை வெளியிட்டது. 2003-இல் ஜேபிமார்கன் வங்கியில் ஜான் ஓஹாரா என்பவர், எந்த நிறுவனத்தின் தரகரோடும் எவரும் பேசத்தக்க ஒரு பொது நெறியை எழுதத் தொடங்கினார். ரேபிட்எம்கியூ, ஆக்டிவ்எம்கியூ, காஃப்கா என்று இன்று வழங்கும் பெயர்களெல்லாம் இவ்வரலாற்றின் பிற்பகுதியைச் சேர்ந்தவை.

இத்தரகர் ஒரு செய்தியைப் பெற்றுக்கொண்டு "பெற்றேன்" என்று பதிலிறுக்கும்போது, அவர் செய்வது ஒரு சத்தியம். அச்சத்தியத்தை அவர் எங்கே எழுதிவைத்துக்கொண்டு செய்கிறார் என்பதிலேதான் வித்தியாசமெல்லாம் இருக்கிறது. கம்ப்யூட்டரின் உள்நினைவிலே மட்டும் வைத்திருந்தாரானால் காரியம் மிக விரைவாக நடக்கும். மின்சாரம் ஒரு நொடி நின்றாலும் சத்தியமும் அதனோடு மறையும். வட்டிலே எழுதினாரானால் சற்றுத் தாமதமாகும்; ஆனால் இயந்திரம் விழுந்து எழுந்த பின்பும் எழுதியது எழுதியபடியே இருக்கும். இங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. வட்டிலே எழுதும்படி சொல்லப்பட்ட இயங்குதளம், "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, உண்மையில் தன் நினைவிலேயே சிறிது நேரம் வைத்துக்கொண்டிருப்பதுண்டு. கட்டாயப்படுத்தி அழுத்தினாலன்றி அது தட்டில் இறங்குவதில்லை. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஒவ்வொரு பரிவர்த்தனையின் முடிவிலும் இவ்வாறு அழுத்தி எழுதுவதே இயல்பான அமைப்பு. வேகத்தை விரும்பி, இவ்வமைப்பைக் குறிக்கும் ஓர் எண்ணை மாற்றிவிடுபவர்கள், ஏறக்குறைய ஒரு விநாடி அளவுள்ள சத்தியங்களைப் பணயம் வைக்கிறார்கள் என்பதை அறிந்து மாற்றினால் குற்றமில்லை. அறியாமல் மாற்றுவதே குற்றம்.

விழுந்த இயந்திரம் எழுந்தபின் தன் கணக்கை எவ்வாறு நேர்செய்துகொள்கிறது என்பதற்கு இன்று உலகெங்கும் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் கைக்கொள்ளும் வழிகளில் தலைமையானதை வகுத்தவர்களுள் முதல்வர் ஒரு தமிழ்நாட்டுக்காரர் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளுதல் தகும். சென்னை ஐஐடியில் ரசாயனப் பொறியியல் பயின்று, 1977-இல் அமெரிக்கா சென்று, ஐபிஎம்மின் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய சி. மோகன், நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வுரை ஏரீஸ் என்னும் முறையை விளக்குகிறது. அதன் சாரம் இரண்டு வாக்கியங்களில் அடங்கும். எதையும் மாற்றுவதற்கு முன்னே, மாற்றப்போகிறேன் என்பதைத் தனியானதொரு குறிப்பேட்டிலே எழுதிவிட வேண்டும். விழுந்து எழுந்தால், அக்குறிப்பேட்டைப் படித்து நிலைமையை அறிந்து, நடந்தவற்றையெல்லாம் நடந்த வரிசையிலேயே மீண்டும் ஒருமுறை நடத்தி, அதன்பின் முடிவு பெறாமல் நின்ற காரியங்களை மட்டும் பின்னோக்கி அழித்துவிட வேண்டும். பிழைத்ததை முதலிலேயே தள்ளிவிடாமல், பிழைத்ததையும் சேர்த்து வரலாற்றை முழுவதும் திரும்ப நடித்துப் பார்த்து, அப்புறமே திருத்துவது என்ற இந்த யுக்தி, மனித வாழ்க்கைக்கும் பொருந்தும் ஒரு தத்துவமாகவே எனக்குத் தோன்றுகிறது. மோகனின் ஆராய்ச்சி முடிவுகள் டேட்டாபேஸ்களில் மட்டுமன்றி, மேலே சொன்ன எம்கியூசீரிஸ் என்னும் தரகு மென்பொருளிலும் இடம்பெற்றன.

இனி, அமைக்கும் காரியத்திற்கு வருவோம். இதற்கு நமக்கு அண்மையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2005-இல் சஞ்சீவ வீரவரண முதலியோர் தொடங்கி, கொழும்பிலிருந்து உலகம் முழுவதற்கும் திறந்த மூல மென்பொருள் செய்து கொடுத்துவரும் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் மெசேஜ் புரோக்கர் என்ற பெயரிலேயே ஒரு தரகரை உருவாக்கியது. அதைத் தரவிறக்கி உடனே ஓட்டிப் பார்க்கலாம். எச்2 என்னும் சிறு டேட்டாபேஸ் உள்ளேயே பொதிந்து வரும். அது பரீட்சைக்கு மட்டும் உரியது. மெய்யான காரியத்துக்கு மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் முதலியவற்றுள் ஒன்றைத் தனியே அமைத்துக்கொள்வதே முறை. அமைக்கும்போது இரண்டு வெவ்வேறு கிடங்குகள் வேண்டியிருக்கின்றன: யார் யாருக்கு என்ன உரிமை என்ற நிர்வாக விவரங்களுக்கு ஒன்று, செய்திகளுக்கே உரியதாக மற்றொன்று. செய்திக் கிடங்கினுள்ளும், செய்தியின் தலைப்பு விவரங்கள் ஓர் அட்டவணையிலும், அதன் உள்ளடக்கம் துண்டு துண்டாக இன்னோர் அட்டவணையிலும் பிரித்து வைக்கப்படும். எது யாருக்குப் போகவேண்டும் என்று தீர்மானிப்பதற்கு உள்ளடக்கத்தைப் பிரித்துப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை என்ற விவேகம் அப்பிரிவினையில் இருக்கிறது.

வேலையின் படிகள் எளியவை. டேட்டாபேஸை உருவாக்குதல், அதற்கென்று தனிப் பயனர் ஒருவரை ஏற்படுத்தி, வேண்டிய உரிமைகளை மட்டும் வழங்குதல், மென்பொருளோடு வரும் கட்டளைக் கோப்பை ஓட்டி அட்டவணைகளை நிறுத்துதல், இணைப்பு மொழி பேசும் டிரைவர் கோப்பை உரிய இடத்தில் வைத்தல், முகவரியும் கடவுச்சொல்லும் இணைப்புகளின் எண்ணிக்கையும் அமைப்புக் கோப்பில் எழுதுதல், இவையனைத்தும் முடிந்த பின்னரே தரகரை எழுப்புதல். இக்கிரமத்தில் கடைசிப் படியை முதலில் செய்பவர்கள் உண்டு. பொதிந்து வந்த சிறு டேட்டாபேஸோடு தரகரை ஓட்டத் தொடங்கி, "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று மாதக்கணக்கில் விட்டுவைத்து, செய்திகள் பெருகியபின் கிடங்கை மாற்ற முற்படும்போது, உள்ளே நிற்கும் செய்திகளை இழக்காமல் இடம் பெயர்ப்பது எத்தகைய வேலை என்பதை உணர்கிறார்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்கத்தக்க ஒரு சிறு விஷயமும் இங்கே உண்டு. 8.0 என்னும் பதிப்பு வரும்வரை மைஎஸ்கியூஎல்லின் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்-1 என்பதாகவே இருந்தது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு அமைந்த அதில் தமிழெழுத்து ஒன்றுக்கும் இடமில்லை. செய்தியின் உள்ளடக்கம் வெறும் பைட்டுகளாகவே சேமிக்கப்படுமாயின் அதற்கு ஆபத்தில்லை. ஆனால் செய்திகள் காத்து நிற்கும் வரிசையின் பெயரையோ தலைப்பு விவரத்தையோ தமிழில் வைத்தால், அது கேள்விக்குறிகளாக மாறி நிற்கும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஆகையால் நூறு எழுத்து கொள்ளும் என்று ஆங்கிலக் கணக்கில் அளந்த இடம், பைட்டுகளால் அளக்கப்பட்டதாயின், நமக்கு முப்பத்து மூன்றோடு நிரம்பிவிடும். யாருக்காகக் கிடங்கு கட்டுகிறோம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொண்டால் இச்சங்கடம் எழாது.

கிடங்கு என்ற சொல்லை இதுவரை எளிமையின் பொருட்டு வழங்கினேன். உண்மையில் இக்கட்டுமானத்திற்குச் சரியான உவமை, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்தான். ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும் நாட்டிலே, பயிரோ தை மாசி வரையில் சிறுகச் சிறுகத்தான் குடிக்கும். வருகையின் வேகமும் செலவின் வேகமும் ஒவ்வாத இடத்திலேயே கண்மாய்க்கு அவசியம் பிறக்கிறது. செய்தித் தரகருக்கும் அப்படியே. கண்மாய் வரத்துக்கால் வழியே வருவதை ஏற்று, மடை வழியே அளவாக விடுகிறது. கொள்ளளவை மீறினால் கலுங்கு வழியே வெளியேற்றுகிறது. கலுங்கில்லாத கண்மாய்க்குக் கரை நிலைக்காது. தரகருக்கும், "இதற்குமேல் இப்பொழுது ஏற்பதற்கில்லை" என்று அனுப்புவோரைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு அவசியம். ரேபிட்எம்கியூ வட்டில் மிஞ்சிய இடம் குறைந்தால் அனுப்புவோரை நிறுத்திவிடுகிறது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் தரகர் உபகாரி போலத் தோன்றினாலும், நிரம்பி உடையும் நாளில் ஏற்றதனைத்தையும் ஒருங்கே இழக்கிறார். இன்னும் ஒன்று: கண்மாயின் பெருமை அது நிறைந்திருப்பதில் இல்லை, அடுத்த மழை வருவதற்குள் தன் நீரைப் பயிருக்குக் கொடுத்து இடம் விட்டு வைப்பதில் இருக்கிறது. நீர் வற்றிய கோடையிலே குடிமராமத்தாகத் தூர் வாராவிடில், பார்வைக்குக் கண்மாய் இருந்தபடியே இருக்கும்; கொள்ளளவு மட்டும் ஆண்டுதோறும் மண்ணாகிக்கொண்டே வரும்.

தூர் வாருதல் இவ்விஷயத்தில் அலங்காரத்துக்காகச் சொன்னதன்று. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு வரியை அழித்தால் அது உடனே மறைவதில்லை. அழிந்ததென்ற அடையாளத்தோடு அவ்விடத்திலேயே கிடக்கும். பின்னர் வேக்யூம் என்னும் வேலையாள் வந்து அவ்விடத்தை மீட்கிறான். இயல்பான அமைப்பில், அட்டவணையின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இத்தகைய பிணவரிகள் சேர்ந்த பிறகே அவன் வருவான். ஆண்டுக்கொரு முறை மாறும் பட்டாக் கணக்குக்கு இது போதும். விநாடிக்குப் பல செய்திகள் நுழைந்து வெளியேறும் வரிசைக்கு இது போதவே போதாது. கசாண்ட்ரா என்னும் டேட்டாபேஸிலோ இவ்வியல்பு இன்னும் தீவிரமானது. பல இயந்திரங்களில் ஒரே தரவின் பிரதிகளை வைத்திருக்கும் அது, அழிக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்லறைக்கல்லை நாட்டி, அந்த அழிவுச் செய்தி எல்லாப் பிரதிகளுக்கும் எட்டும் பொருட்டு, இயல்பாகப் பத்து நாட்கள் அக்கல்லை அகற்றாமல் வைத்திருக்கும். வரிசையின் தலையிலிருந்து ஒரு செய்தியை எடுக்க வருபவன், அதற்கு முன் அழிந்துபோன ஆயிரம் செய்திகளின் கற்களைத் தாண்டிக்கொண்டே வரவேண்டும். கொழும்பு நிறுவனத்தின் தரகரும் தொடக்கப் பதிப்புகளில் கசாண்ட்ராவையே கிடங்காகக் கொண்டிருந்து, மூன்றாம் பதிப்பில் சாதாரண உறவுமுறை டேட்டாபேஸுக்கு மாறியது. எழுதுவதில் நிகரற்ற ஒரு கருவி, மறப்பதில் மந்தமாயிருப்பின், தரகுக்கு அது இசையாது.

இங்கேதான் இருவகை நினைவுகளுக்கும் உள்ள வேற்றுமை வெளிப்படுகிறது. பாண்டித்துரைத் தேவர் சேமித்தது நிலைத்திருப்பதற்காக. ஒருவர் வந்து படித்துச் சென்றதனால் புத்தகசாலையில் ஏடு ஒன்று குறைவதில்லை. குறைந்தால் அது நஷ்டம். அபிதான சிந்தாமணியை ஒருவர் புரட்டிப் பொருள் அறிந்தபின்னும் அடுத்தவருக்காக அது அவ்வாறே இருக்கிறது. தரகரின் ஏடோ, எழுதியது உரியவரைச் சேர்ந்துவிட்டது என்ற ஒப்புகை கிடைத்த அக்கணமே அழிக்கப்பட வேண்டியது. நூலகம் நிறைவினாற் சிறக்கிறது. வரிசை வெறுமையினாற் சிறக்கிறது. அதிகாலையில் பார்க்கும்போது காலியாக இருக்கும் வரிசையே, முந்தைய நாளின் கடமைகள் யாவும் முடிந்தன என்பதற்குச் சாட்சி. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி, தரகரின் கிடங்கையே பழங்கணக்குகளைத் தேடும் இடமாக ஆக்கிக்கொள்ளும் அலுவலகங்கள், இரண்டு பயனையும் இழக்கின்றன. காஃப்கா மட்டும் இவ்விரு நிலைகளுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. அது படித்ததை அழிப்பதில்லை. எவர் எதுவரை படித்தார் என்ற குறியை மட்டும் வைத்துக்கொண்டு, இயல்பாக ஏழு நாட்கள் எல்லாவற்றையும் வைத்திருந்து, பிறகு தொகுப்பாகக் கழித்துவிடும். ஆயினும் அங்கும் காலவரையறை என்ற ஒன்றை எவரேனும் நிர்ணயித்தே ஆகவேண்டும்; மறதியை ஒழித்துவிடவில்லை, மறதிக்கு நாள் குறித்திருக்கிறது; அவ்வளவே.

ஒப்புகை என்றேன். அதிலும் ஒரு தர்மசங்கடம் உள்ளது. பெற்றவர் செய்தியைப் பெற்றுக் காரியத்தையும் முடித்துவிட்டு, "பெற்றேன்" என்று சொல்லும் முன்னே இயந்திரம் விழுந்துவிட்டால், தரகருக்கு அது தெரிவதற்கு வழியில்லை. ஏட்டில் செய்தி நிற்கிறது. ஆகவே மீண்டும் அனுப்புவார். பெற்றவர் விழித்தெழுந்து அதே காரியத்தை மறுபடியும் செய்தால், மக்காச்சோளம் விற்றவருக்கு இருமுறை பணம் போய்ச் சேரும். இதற்கஞ்சி, ஒப்புகை வாராவிடினும் போகட்டும் என்று தரகர் முன்கூட்டியே அழித்துவிட்டாலோ, ஒருமுறைகூடப் போகாமல் நின்றுவிடும். இரண்டில் எது குறைந்த தீமை என்று ஆராய்ந்த அறிஞர்கள், செய்தி இருமுறை போனாலும் போகலாம், போகாமல் இருத்தல் ஆகாது என்றே முடிவு செய்தார்கள். அதன் விளைவாகப் பெறுகிறவர் பக்கம் ஒரு கடமை வந்து சேருகிறது: ஒவ்வொரு செய்திக்கும் உரிய அடையாள எண்ணைத் தம்முடைய டேட்டாபேஸில் குறித்துவைத்து, முன்பே செய்த காரியமாயின் மீண்டும் செய்யாமல் ஒப்புகை மட்டும் அளித்தல். நினைவு வைத்துக்கொள்ளும் பொறுப்பைத் தரகரிடம் தள்ளிவிட்டுப் பெறுகிறவர் சும்மா இருக்க இயலாது. அவரும் ஓர் ஏடு வைத்துக்கொண்டே ஆகவேண்டும்.

எத்தனை முறை அனுப்பினும் ஏற்கப்படாத செய்திகளும் உண்டு. வடிவம் பிழைபட்டவை, காலாவதியானவை, பெறுகிறவரின் மென்பொருளையே தடுக்கி விழச் செய்பவை என்று அவை பலதிறப்படும். மேலே சொன்ன கொழும்புத் தரகர் இயல்பாகப் பத்து முறை முயன்றபின், அவற்றைத் தனியான ஒரு வரிசைக்கு ஒதுக்கிவிடுகிறார். விலாசம் தெரியாத கடிதங்களுக்குத் தபால் இலாகா வழங்கிய பெயரையே ஆங்கிலத்தில் இவ்வரிசைக்கும் வைத்திருக்கிறார்கள். மற்ற வரிசைகள் ஓடுவதற்கு இவ்வொதுக்கல் வேண்டியதே. ஒரு பழுதான செய்தியின் பொருட்டு அதன் பின்னே நிற்கும் நல்ல செய்திகளெல்லாம் காத்துக் கிடப்பது நியாயமன்று. ஆனால் ஒதுக்கிய வரிசையைத் திறந்து பார்ப்பவர் எவர் என்று நியமிக்காத இடத்தில், அங்கே தேங்குவது ஒரு மனிதருடைய தீராத காரியம் என்பதை ஒருவரும் நினைப்பதில்லை. அட்டவணையில் அது ஒரு வரி; வெளியே அது வந்து சேராத ஓர் உதவித்தொகையாகவோ, பதியப்படாத ஒரு விண்ணப்பமாகவோ இருக்கக்கூடும். பிழை செய்தது இயந்திரமாயினும், காத்திருப்பவர் மனிதரே.

ஆக்டிவ்எம்கியூ என்னும் தரகருக்கு உறவுமுறை டேட்டாபேஸ் ஒன்றை அமைத்துக் கொடுத்தால், அது மூன்றே அட்டவணைகளை ஏற்படுத்திக்கொள்கிறது: செய்திகளுக்கு ஒன்று, சந்தாதாரர்களின் ஒப்புகைகளுக்கு ஒன்று, மூன்றாவது, பூட்டு. அம்மூன்றாவதில் இருப்பது ஒரே ஒரு வரி. ஒருவர் விழுந்தால் மற்றவர் வேலையைத் தொடரும்படி இரண்டு மூன்று தரகர்களை நிறுத்தி வைத்திருக்கையில், அவ்வொரு வரியை முதலில் பிடித்துப் பூட்டிக்கொண்டவரே அதிகாரி. ஏனையோர் வாசலில் காத்திருப்பர். அதிகாரி வீழ்ந்தால் பூட்டு அவிழும், அடுத்தவர் பிடித்துக்கொள்வார். ஒரே சமயத்தில் இருவர் தம்மை அதிகாரி என்று கருதிக்கொள்வதால் விளையும் அனர்த்தங்களை ராஜ்ய சரித்திரங்கள் நெடுக எழுதிவைத்திருக்கின்றன. அவற்றை ஒரு வரிப் பூட்டினால் தடுத்திருக்கிறார்கள். ஆயினும் இவ்வேற்பாட்டில் சகல நம்பிக்கையும் அந்த ஒரு டேட்டாபேஸின் மேலே ஏற்றப்பட்டுவிடுகிறது என்பதை மறக்கலாகாது. தரகர் மூவர் இருந்தும், டேட்டாபேஸ் ஒன்றே இருந்து அதுவும் பிரதியின்றி இருக்குமாயின், மூவரும் ஒருவரே.

ஆகவே, இவ்வேலையை ஒரு பிற்பகலுக்குள் முடிக்கும்படி பணிக்கப்பட்டிருக்கும் இளைஞர்களுக்கும், பணித்தவர்களுக்கும் சொல்ல வேண்டியது சிலவே. முதற்செய்தி வருவதற்கு முன்னே ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிவையுங்கள்: எச்செய்தியை இழக்கலாம், எதை இழக்கவே கூடாது, ஒப்புகை பெற்றபின் எவ்வளவு காலத்தில் அது அழிய வேண்டும், நிரம்பினால் யாரை நிறுத்துவது, ஒதுக்கப்பட்டவற்றை எவர், எந்நாளில் திறந்து பார்ப்பது. இவற்றுக்கு விடையில்லாமல் எத்தனை விலையுயர்ந்த டேட்டாபேஸை வாங்கி நிறுத்தினாலும் பயனில்லை. விடை இருந்தால் இலவசமாகக் கிடைப்பதே போதும். கட்டி முடித்தபின், காரியம் தொடங்குமுன், ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துப் பாருங்கள்; எழுந்து வந்த தரகரிடம் நீங்கள் கொடுத்த செய்திகள் யாவும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அப்பரீட்சையில் தேறாத ஏற்பாடு எதற்கும் செய்திகளை வாங்கிக்கொள்ளும் உரிமை கிடையாது.